கொடியில் கிடந்த சாரன்

போன வெள்ளிக்கிழமை என் கதையொன்று பாதியில் நின்றுபோனது. நிறுத்தியவள் பக்கத்து வீட்டுத் தங்கச்சி.

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். எழுதியதில் எங்கே பிழை என்று என் கண்ணுக்குத் தெரியாது. காதுக்குக் கொஞ்சம் தெரியும். அதனால் எந்தக் கதையையும் பத்திரிகைக்கு அனுப்புமுன் அவளுக்கு வாசித்துக் காட்டுவேன். வெட்கம்... சுவரைப் பார்த்துக்கொண்டுதான் வாசிப்பேன். அவள் என் வீட்டுக் குசினி வாசலில் உட்கார்ந்து இறால் உரித்தபடி கேட்பாள்.

இந்த முறை கதையே அவளுடையதுதான். இரண்டு வருடத்துக்கு முன் பெருங்காற்றில் அவள் கணவர் மீனுக்குப் போன போட் மூன்று நாள் கரைக்கு வரவில்லை. நாலாம் நாள், அல்லாஹ்வின் கிருபை, வந்து சேர்ந்தார். அதை எழுதினேன். அவளிடம் கேட்கவில்லை. பெயரை நிலூஃபா ஆக்கினேன். பச்சைப் போட்டை நீலமாக்கினேன். எங்கள் ஊர் பள்ளிவாசல்துறையை மன்னார்ப் பக்கம் தள்ளினேன். இனி யாருக்குத் தெரியப்போகிறது?

'நிலூஃபா கடற்கரையில் விழுந்து புரண்டு கதறினாள்' என்ற இடத்துக்கு வந்தேன். இறால் உரிக்கும் சத்தம் நின்றது.

"ராத்தா, இது நான்தானே?"

நான் சுவரை விட்டுத் திரும்பவில்லை. "...ஓம் புள்ள."

"நான் எப்ப கதறின? நீங்க கண்டீங்களா?"

"இல்ல. கதைக்கு ஒரு இதுக்காக..."

"அந்த மூணு நாளும் நான் ஒரு சொட்டுக் கண்ணீர் விடல்ல. விட்டிருந்தா ஊரே வந்து பாய் விரிச்சி, செத்தவங்களுக்குப் போல கத்தம் ஓதியிருக்கும், உசிரோட இருக்கிற மனிசனுக்கு. இத அனுப்பினீங்கண்டா இனி இந்தப் படிய மிதிக்க மாட்டன்."

"அப்ப நீ என்னதான் செஞ்ச?"

"அவர் இடுப்பில உடுக்கிற சாரனத் தோய்ச்சிக் கொடியில போட்டன். அடுத்த நாளும் அதையே தோய்ச்சன். மூணாம் நாளும்."

"அழுக்கில்லாத சாரனயா?"

"வேற என்ன செய்ய? ஈரச் சாரன் கொடியில கிடந்தா வீட்டுல ஆம்புள இருக்கிற மாதிரி. துக்கம் கேக்க வாற சனம் அதப் பாத்திட்டுத் திரும்பிரும்."

பாதி இறாலோடு சட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரு கம்பி வேலிதான். அந்தச் சாரனை நானும் மூன்று நாள் பார்த்தேன். கண்ணால் பார்த்ததை விட்டுவிட்டு, பார்க்காத அழுகையை எழுதியிருக்கிறேன். ஏன்? அழுகை எழுத லேசு. எத்தனையோ கதைகளில் அழுது வைத்திருக்கிறார்கள் — எடுத்துப் போட்டால் போதும். இந்தச் சாரனை யாரும் எனக்காக எழுதி வைக்கவில்லையே.

கதைக்குக் கரு எங்கே கிடைக்கிறது என்று உங்களில் சிலர் எனக்கு எழுதிக் கேட்கிறீர்கள். கடல் தருகிறது என்று பெரிதாகச் சொல்லி வந்தேன். இல்லை... வேலிக்கு அந்தப் பக்கம் கிடக்கிறது. வாய் திறந்து கேட்கத்தான் வெட்கம்.

ஒன்றரைப் பக்கக் கதறலை வெட்டினேன். அந்த இடத்தில் சாரனை நாலு வரியில் வைத்தேன்; அந்த நாலு வரியை ஏழு தடவை எழுதினேன். செவ்வாய்க்கிழமை தாள்களை எடுத்துக்கொண்டு நானே அவள் வீட்டுக்குப் போனேன். சுவரைப் பார்க்கவில்லை. அவள் முகத்தைப் பார்த்து வாசித்தேன்.

முடித்தேன். அவள் சொன்னாள்.

"அந்த நிலூஃபாவ அழிங்க ராத்தா. தோய்ச்சது நான். என்ட பேரப் போடுங்க."

போட்டுவிட்டேன். அவள் பெயர் ஸவாஹிரா.