அடுத்த வளவின் நீல நெருப்பு

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். நான் பத்தாம் வகுப்போடு படிப்பை விட்டவள். நாலு பேர் கூடினால் பின்னுக்குப் போய் நிற்கிற ஆள். பத்திரிகைக்கு எழுத என்னிடம் என்ன இருக்கிறது என்று பல நாள் யோசித்தேன். ஆனாலும் இந்த ஒரு விஷயத்தை யாரிடமும் வாயால் சொல்ல முடியவில்லை. எழுதினால் முகம் தெரியாது என்ற துணிவில் எழுதுகிறேன்.

சமையல் காஸ் சிலிண்டருக்காக நாடு முழுக்க வரிசையில் நின்ற காலம் அது. நாங்கள் இருப்பது கிளிநொச்சியில் தர்மபுரம் பக்கம். எனக்கு ஐந்து மாடுகள். வேலிக்கு அந்தப் பக்கம், அடுத்த வீட்டு வளவில் இருப்பவர் என்னைவிடக் கொஞ்சம் வயது குறைந்த பெண். கணவருக்கு முதுகில் பழைய காயம், பாரமான வேலை செய்ய ஏலாது. அதனால் இடியப்பம் அவித்துக் கடைகளுக்குக் கொடுத்து அந்தப் பெண்தான் குடும்பத்தை நடத்தினார். அவர்களிடம் இருந்தது ஒரே ஒரு பசு.

தட்டுப்பாடு வருவதற்கு முன்பே, சாணியிலிருந்து காஸ் எடுக்கும் தொட்டி கட்டித் தருகிறோம் என்று சிலர் வந்து கூட்டம் வைத்தார்கள். யாருக்கு விருப்பம் என்று கேட்டதும் அவர் கையை உயர்த்தினார். ஒரு மாடு போதாதே என்று அவர்கள் தயங்க, "பக்கத்து வளவு அக்காவிட்ட அஞ்சு மாடு நிக்குது. சாணிக்குக் குறைவில்லை" என்று என்னையே காட்டினார். நான் பின்வரிசையில் சேலைத் தலைப்பைத் திருகிக்கொண்டு இருந்தேன். எனக்கும் வேண்டும் என்று சொல்ல நா எழவில்லை. தொட்டி அவருடைய வளவுக்குப் போனது.

நிலத்துக்குள் சீமெந்தால் கட்டிய பெரிய குடம் மாதிரி ஒன்று. சாணியைத் தண்ணீரில் கரைத்து ஒரு வாயால் ஊற்றினால் உள்ளே புளித்து காஸ் மேலே சேரும். மறு வாயால் கழிவு வழியும். உரப் பசளை கிடைக்காத அந்த நேரத்தில் அந்தக் கழிவில் அவருடைய கத்தரிகூடக் கறுத்து வளர்ந்தது. என் குசினியில் ஈர விறகை ஊதிக் கண் கரிக்கும்போது, வேலி இடைவெளியால் அவருடைய அடுப்பின் நீல நெருப்புத் தெரியும். பார்க்கக் கூடாது என்று நினைக்கிற நாளில்தான் கூடப் பார்ப்பேன்.

சிலிண்டர் இல்லாமல் போனதும் அவருடைய கை இன்னும் ஓங்கியது. உழவு இயந்திரச் சக்கரத்துக்குள் இருக்கும் பழைய ரப்பர் ரியூப்களை எங்கேயோ தேடி எடுத்து, அவற்றில் காஸை நிரப்பத் தொடங்கினார். வாங்குகிறவர்கள் அதைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு போய், முற்றத்தில் வைத்து, மேலே ஒரு பலகையும் கல்லும் ஏற்றி, குழாய் பூட்டிச் சமைப்பார்கள். விலையையும் அவரே வைத்தார். ஓலைக் கடகம் நிறையச் சாணி கொண்டு வந்தால் ஒரு ரியூப். மாடு இல்லாதவர்களுக்குக் காசு. சிலிண்டர் லொறி வருகிறதாம் என்று கதை வந்தால் விலை இறங்கும். வரிசையில் நின்றவர்கள் வெறுங்கையோடு திரும்பினால் அடுத்த நாள் ஏறும். எங்கள் சின்னத் தெரு, அந்த ஒழுங்கை முழுக்க அவருடைய பெயர்தான். என் மாடுகள் போடுவதற்கு அவர் விலை சொல்கிறாரே என்று எனக்கு வயிறு எரிந்தது. ஆனாலும் விறகு கிடைக்காத நாட்களில் நானும் கடகத்தைத் தூக்கிக்கொண்டு போனேன்.

ஒருநாள் நாலைந்து பெண்கள் நிற்கும்போது, அவர் என் கடகத்துக்குள் தடியை விட்டுக் கிளறினார்.

"அக்கா, குறை நினைக்காதேங்கோ. இதில மண்ணும் வைக்கலும்தான் கூட. மண் போய்த் தொட்டி அடியில இறுகிடும். இண்டைக்கு அரை ரியூப்தான் தரலாம்."

"அக்காவின்ர மாடு மண்ணைத்தான் மேயுது போல" என்றார் பக்கத்தில் நின்றவர். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பாதி ஊதிய ரியூப்பைத் தூக்கிக்கொண்டு ஒழுங்கையால் வீட்டுக்கு வந்தேன்.

அந்த நேரம் என் பசு ஒன்றுக்கு மடி வீங்கியிருந்தது. மாட்டு டொக்டர் ஊசி போட்டுவிட்டு, மாட்டுக் கொட்டிலைக் கழுவ ஒரு மருந்துப் போத்தலும் தந்தார். தண்ணீரில் விட்டால் பால் மாதிரி வெளுக்கும், கடுமையான வாசம். பசு சுகமான பிறகும் நான் அந்த மருந்தை விடவில்லை. முடிய முடிய வாங்கினேன். சீமெந்துத் தரையை அதை ஊற்றித் தேய்த்து, அந்த ஈரம் காய முதலே விழுந்த சாணியை வழித்து அள்ளினேன். மண் இல்லை, வைக்கல் இல்லை. "இப்பதான் அக்கா சாணி எண்டால் சாணி" என்று அவர் எல்லோருக்கும் கேட்கச் சொன்னார். முழு ரியூப் தந்தார். ஒழுங்கையில் இதைவிடச் சுத்தமான சாணி இல்லை என்று எனக்குள் ஒரு பெருமை.

கொஞ்சக் காலத்தில் ரியூப்கள் தொய்யத் தொடங்கின. பிறகு அவருடைய வீட்டு அடுப்பே மங்கி, ஒருநாள் நின்றுபோனது. இடியப்பம் நேரத்துக்குப் போகவில்லை. இனியும் பிந்தினால் வேறு ஆளைப் பார்ப்போம் என்று கடைக்காரர்கள் சொல்லிவிட்டார்கள். மாவைக் குழைத்துவிட்டு அவர் குசினி வாசலில் இருந்து அழுததை நான் வேலியால் கண்டேன்.

"ஆரோ கண் வைச்சிட்டினம்" என்று ஒழுங்கையில் கதை எழும்பியது. காய்ந்த செத்தல் மிளகாயும் உப்பும் எடுத்துத் தொட்டியைச் சுற்றி, காஸ் அடுப்பு எரியாததால் மூன்று கல் வைத்து விறகு மூட்டி அதில் போட்டார்கள். அந்த நெடி என் வீடு வரை வந்து எனக்கு இருமல் வந்தது. இருமலைக் கேட்டு அவர் திரும்பிப் பார்த்த பார்வையில் எனக்கு எல்லாம் விளங்கியது. அவரைக் குறை சொல்லவும் முடியவில்லை. அவ்வளவு நாளும் அந்த நெருப்பை நான் பார்த்த பார்வை எனக்குத்தானே தெரியும். என் கண்தான் பட்டுவிட்டது என்று நானே நம்பினேன். அந்தப் பக்கம் தலை திருப்பாமல் இருந்தேன். சாணியும் கொண்டு போகவில்லை.

நான் போகாததால் அவரே கடகத்தோடு என் கொட்டிலுக்கு வந்தார். வாசலில் நின்று மூக்கைச் சுளித்தார்.

"என்னக்கா வாசம் இது?"

போத்தலைக் காட்டினேன். மூடியைத் திறந்து மணந்து பார்த்துவிட்டு அப்படியே குந்திவிட்டார்.

"தொட்டி வாயிலயும் இந்த வாசம்தான். கட்டித் தந்தவை படிச்சுப் படிச்சுச் சொன்னவை அக்கா, சவர்க்காரமோ மருந்தோ போனால் உள்ளுக்க சாணியைப் புளிக்க வைக்கிற கிருமி எல்லாம் செத்துப்போம் எண்டு. இதை ஏன் ஊத்தினனீங்கள்?"

"மண் எண்டு எல்லாருக்கும் முன்னால சொன்னனீங்கள்தானே தங்கச்சி."

அவர் போத்தலை மூடி நிலத்தில் வைத்தார்.

"நான் உங்கட கண் எண்டெல்லோ நினைச்சனான்" என்றார்.

"நானும் அப்பிடித்தான் நினைச்சனான்."

அவருக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. "காஸ் வரும் வரைக்கும் என்ர அடுப்பில அவியுங்கோ. புகைதான்" என்று மட்டும் சொன்னேன். கூட்டத்தில் எழாத நா அன்று எப்படி எழுந்ததென்று தெரியவில்லை.

"உங்கட சாணிதான் இனி முழுக்க வேணும். என்ன விலை சொல்லுறீங்கள்?" என்று அவர் கேட்டார். விலை சொல்லும் இடத்தில் நான் நின்றது அன்றைக்குத்தான். "முந்தின விலைதான்" என்றேன். தொட்டி திரும்ப எரிய ஒரு மாதத்துக்கு மேல் எடுத்தது. அதுவரை என் குசினியில் இரண்டு பேருக்கும் கண் கரித்தது. கடைகள் கைவிட்டுப் போகவில்லை.

பொறாமை போய்விட்டது என்று எழுதினால் பொய். இப்போதும் அந்த நீலத்தைக் கண்டால் மனம் ஒரு தரம் சுருங்கும். ஆனால் என் பார்வைக்கு ஒரு நெருப்பை அணைக்கிற வலு இல்லை என்று இப்போது தெரியும். அவரிடம் ஒரு நல்ல சொல் வாங்க வேண்டும் என்று தரையைத் தேய்த்த கைக்குத்தான் அந்த வலு இருந்தது. அதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு என்னிலேயே கொஞ்சம் பயம் வருகிறது.

நாங்கள் கொட்டிலில் கதைத்த மறுநாள், புதுச் சாணி விடுவதற்காக, தொட்டிக்குள் கிடந்த மருந்து கலந்த கரைசலை இரண்டு பேருமாக வாளியால் இறைக்கத் தொடங்கினோம். மத்தியானம் மழை வந்தது. பாதியில் விட்டுவிட்டு வந்தோம்.