உங்கள் பெயர் இங்கே

நான் தொடங்கிய இணையதளத்தின் நெற்றியில், ஆடிக் காற்று அடங்கி ஐப்பசி மழை பிடிக்கும் வரைக்கும், என் பெயர் இல்லை. 'உங்கள் பெயர் இங்கே' என்று இருந்தது. டெம்ப்ளேட் செய்தவர் விட்டுவிட்டுப் போன வாசகம் அது. அதை அழித்துவிட்டு நம் பெயரைப் போட வேண்டும். நானும் போட்டேன். கம்ப்யூட்டரில் என் பெயர் தடித்த எழுத்தில் நன்றாகவே தெரிந்தது. கைப்பேசிக்கு வேறொரு முகப்பு உண்டு, அதிலும் தனியாக மாற்ற வேண்டும் என்பது எனக்குத் தெரியாது. நான் கம்ப்யூட்டரில் பார்த்துப் பூரித்துக்கொண்டிருந்தேன். ஊர் உலகம் கைப்பேசியில் பார்த்தது.

தெரிந்தவர்கள் எல்லாருக்கும் இணைப்பை அனுப்பியிருந்தேன். 'அருமை' என்றார்கள். கைகூப்பும் பொம்மைகள் வந்தன. பெயரைக் காணோமே என்று ஒருவரும் கேட்கவில்லை. ஒருவரும் திறந்து பார்க்கவில்லை என்பதுதான் அதற்குப் பொருள். புத்தகம் படித்தே கண்ணாடி தடித்த எனக்கு, அந்த ஒரு வரிப் பொருள் கடைசி வரை பிடிபடவில்லை.

எண்ணூர் பக்கம் ஒரு தொழிற்சாலையின் ஸ்டோர்ஸில் போல்ட்டும் பேரிங்கும் எடுத்துக் கொடுத்துவிட்டு, விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு வந்தவன் நான். இடையில் நகைச்சுவைக் கட்டுரைகள் எழுதினேன். அவற்றை வெளியிட்ட பத்திரிகைகள் ஒவ்வொன்றாக நின்றுபோயின. "நீங்க எழுதினதால நின்னுதா, நிக்கப்போவுதுன்னு உங்களை எழுத விட்டாங்களா?" என்பது என் மனைவியின் நெடுநாள் சந்தேகம். இனி யாருடைய தயவும் வேண்டாம், நமக்கென்று சொந்தமாக ஓர் இடம் இருக்கட்டும் என்றுதான் இணையதளத்தில் இறங்கினேன்.

முதலில் முகவரி பிடிக்க வேண்டும். நான் ஆசைப்பட்ட பெயரையெல்லாம் யாரோ முன்பே எடுத்து வைத்திருந்தார்கள். சலித்துப்போய் 'வழியனுப்பு' என்று அடித்துப் பார்த்தேன். காலியாக இருந்தது. இவ்வளவு அழகான சொல் எப்படி யார் கண்ணிலும் படாமல் கிடந்தது என்று வியந்தேன். வாசகனைச் சிரிக்க வைத்து வழியனுப்பும் இடம் என்று அதற்கு ஒரு விளக்கமும் எழுதி வைத்தேன். திருவொற்றியூரில் ஒரு போர்ஷனுக்குக் குடி போகிறவன்கூட, முன்னால் யார் இருந்தார்கள், ஏன் காலி செய்தார்கள் என்று கேட்காமல் அட்வான்ஸ் கொடுக்க மாட்டான். எனக்கு அந்தப் புத்தி வரவில்லை.

வாசகர்கள் தொடர்புகொள்ளப் பச்சை நிறத்தில் ஒரு பொத்தானும் வைத்தேன். அழுத்தினால் என் கைப்பேசி ஒலிக்கும். ஒரு வாரம் கழித்து ஒலித்தது.

"வழியனுப்புங்களா?"

"ஆமாங்க, சொல்லுங்க." என் குரலில் தேன் வடிந்தது.

"எங்க பெரிப்பா பூட்டாரு."

"அடடா."

"நாளைக்கு மத்தியானம் எடுக்கறோம். இன்னிக்கு நைட்டு வந்துருவீங்களா? புளியாந்தோப்பு."

"நானா? நான் வந்து..."

"நீங்கதான். எத்தினி பேர் வருவீங்க? டோலக்கு உங்க ஆளா, நாங்க சொல்லணுமா?"

"இல்லைங்க, நான் நகைச்சுவை எழுதறவன்."

எதிர்முனையில் பின்னால் அழுகைச் சத்தம் கேட்டது. பேசியவர் சொன்னார்: "சாவு வூட்டுக்கு ஃபோன் பண்ணி காமெடி பண்றியே, நல்லா கீதா நைனா?"

ஃபோன் செய்தது அவர்தான் என்று சொல்ல வாயெடுப்பதற்குள் வைத்துவிட்டார்.

அதன் பிறகு அழைப்புகள் வந்தபடி இருந்தன. வியாசர்பாடியில் ஒரு மாமனார். காசிமேட்டில் ஒரு விசைப்படகுக்காரர். மீஞ்சூரில் கல்யாணமாகாத ஒரு பெண். எல்லார் வீட்டிலிருந்தும் என்னைக் கூப்பிட்டார்கள், எல்லாரும் பாடச் சொன்னார்கள். ஒருமுறை கடன் அட்டை விற்கும் பெண் அழைத்தபோது, "யாரும்மா தவறினது?" என்று கேட்டுவிட்டேன். என் தளத்துக்கு வருவோர் எண்ணிக்கையைக் காட்டும் கோடு மட்டும் ஏறிக்கொண்டே போனது. மனைவியிடம் காட்டினேன். "ஊர்ல சாவு ஜாஸ்தி ஆயிருக்கும்" என்றாள்.

காரணம் தெரிந்தது எங்கள் தெருக்கோடி வீட்டில். அங்கே ஒரு பெரியவர் காலமாகி, மாலை போடப் போயிருந்தேன். வாசலில் பந்தல், நடுவில் ஐஸ் பெட்டி, அதன் மோட்டார் முனகிக்கொண்டிருந்தது. வணங்கிவிட்டு நிமிரும்போது பெட்டியின் கால்மாட்டில், கண்ணாடிக்குக் கீழே ஒரு ஸ்டிக்கர் கண்ணில் பட்டது. 'மரண கானா' என்ற தலைப்பு, சாவு வீட்டில் டோலக் தட்டி இறந்தவரைப் பாடும் பாட்டு. அடியில் இருந்த ஃபோன் நம்பர், பெட்டியை ஏற்றி இறக்கியதில் உராய்ந்து அழிந்துபோயிருந்தது. அதற்கும் கீழே, ஒரு கீறல்கூட இல்லாமல், என் இணையதளத்தின் முகவரி.

எவ்வளவு நேரம் அங்கேயே குனிந்து நின்றேனோ தெரியாது. பெரியவரின் பாதங்கள் என் முகத்துக்கு நேராக இருந்தன. அவருடைய மகன் என் தோளைத் தொட்டு, "அப்பாவோட அவ்ளோ பழக்கமா சார்?" என்றார்.

ஐஸ் பெட்டி வாடகைக்கு விடுகிறவர் வெளியே டீ குடித்துக்கொண்டிருந்தார். ஸ்டிக்கரில் உள்ள பாட்டுக்காரர் யார் என்று அவரிடம் விசாரித்தேன்.

"அவரா? அவரு பூட்டாரு நைனா, ரெண்டு மழைக்கு முன்னாடி. செம பாட்டுக்காரரு. அவரு பசங்க யாரோ இன்டர்நெட்ல பேஜி போட்டு, பாட்டெல்லாம் ஏத்தி வெச்சிருந்தாங்க. எல்லாப் பொட்டியிலயும் ஒட்டிக் கீது. பிச்சி எடுக்க மனசு வர்ல."

"அந்த முகவரி இப்ப என்கிட்ட இருக்கு."

அவர் டீயை இறக்கிவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தார். "நீ பாடுவியா?"

வீட்டுக்கு வந்து, பழைய இணையப் பக்கங்களைச் சேமித்து வைக்கும் ஓரிடத்தில் தேடினேன். என் முகவரியை அடித்தால் அவருடைய பக்கம் எழுந்து வந்தது. வெள்ளைச் சட்டை, ஒரு கை காதில், மறு கை யாரையோ தடுப்பதுபோல விரித்து. படத்துக்குக் கீழே வரிசையாக இறந்தவர்களின் பெயர்கள், ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் ஒரு முக்கோணம். எந்த முக்கோணத்தை அழுத்தினாலும் வட்டம் ஒன்று சுற்றிச் சுற்றி நின்றுவிடும். சத்தம் வராது. பக்கத்தைச் சேமித்தவர்கள் பாட்டைச் சேமிக்கவில்லை. முன்னால் குடியிருந்தவர் முகத்தைக் காட்டுகிறார், வாயைத் திறந்திருக்கிறார், குரல் மட்டும் வெளியே வரவில்லை. சாப்பிடப் போகும்போது லேப்டாப்பை மூடிவிட்டுத்தான் போனேன்.

ஒரு பெண்ணின் அழைப்பு வந்தது அதற்குப் பிறகுதான். கல்மண்டபம் பக்கம் டிபன் கடை வைத்திருப்பதாகச் சொன்னார். அவர் பாடக் கூப்பிடவில்லை.

"சார், அந்தப் பேஜுல எங்க அண்ணன் சாவுக்குப் பாடின பாட்டு இருந்துச்சி. எங்க போச்சி?"

முன்னவர் இறந்ததையும் முகவரி கைமாறியதையும் சொன்னேன்.

"அது இருக்கட்டும் சார். 'உங்கள் பெயர் இங்கே'ன்னு ஏன் போட்டீங்க?"

"எங்கே?"

"மேலயே. பெருசா."

அப்போதுதான் முதன்முறையாக என் தளத்தைக் கைப்பேசியில் திறந்து பார்த்தேன். அவர் பேசிக்கொண்டே போனார். அண்ணன் மஞ்சள் காமாலையில் போனவர். வீட்டில் அம்மாவும் இவரும்தான். அண்ணன் பெயரைச் சொன்னால் ஒருவருக்கொருவர் அழுகை வரும் என்று இருவருமே அதைச் சொல்வதில்லை. அந்தப் பெயர் சத்தமாகக் கேட்கிற ஒரே இடம் அந்தப் பாட்டு. அம்மா தினமும் கைப்பேசியில் அதைப் போட்டுக் கேட்பார். ஒருநாள் பக்கம் திறக்காமல் போயிற்று. அம்மா விடாமல் அழுத்திக்கொண்டே இருந்திருக்கிறார். நெடுநாள் கழித்துத் திறந்தது.

"எங்கம்மா எழுத்துக் கூட்டித்தான் படிக்கும். படிச்சிட்டு, 'உன் அண்ணன் பேரை எடுத்துட்டு என் பேரை எழுதிக்கச் சொல்றாருடி'ன்னுச்சி. அன்னிலேருந்து சோறு எறங்கல சார். சாவுற நாளு பாத்துகினு உக்காந்துகினு கீது."

சாவுக்குப் பாடுகிறவரின் வாசலில் 'உங்கள் பெயர் இங்கே' என்று எழுதிப் போட்டிருக்கிறேன். ஆடியிலிருந்து எத்தனை துக்க வீடுகள் அதைத் திறந்து பார்த்தனவோ.

அந்த மூன்று சொற்களை உடனே அழித்தேன். அழித்தது போதாது. அந்த அம்மாவுக்கு மகன் பாட்டு வேண்டும். என் கட்டுரைகளையெல்லாம் கீழே தள்ளிவிட்டு, பாடகர் மறைந்த செய்தியைப் போட்டு, அவர் பாட்டைக் கைப்பேசியில் பதிந்து வைத்திருப்பவர்கள் அனுப்பித் தர வேண்டும் என்று எழுதினேன். பாடக் கூப்பிட்டவர்களிடமும் கேட்டேன். தங்கள் வீட்டுச் சாவுக்கு நடுவிலும் அவர்கள் தேடி அனுப்பினார்கள்.

முதல் பாட்டைக் கேட்டபோது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. கப்பல் கிளம்பிவிட்டதாம், கட்டிய கயிறு மட்டும் கரையில் கிடக்கிறதாம், கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்பவர்கள் கூப்பிடுகிறார்கள். டோலக் நிற்கிறது. அந்த மௌனத்தில் இறந்தவரின் பெயரைப் பாடகர் இழுத்துக் கூப்பிடுகிறார், கடலுக்குக் கேட்கிற மாதிரி.

இரண்டாவது பாட்டு வந்தது. அதே கப்பல், அதே கயிறு. டோலக் அதே இடத்தில் நின்றது. பெயர் மட்டும் வேறு. மூன்றாவதும் அப்படியே. ஐஸ் பெட்டிக்காரரிடம் ஓடினேன்.

"எல்லாம் ஒரே பாட்டுதான்" என்றார். "அவரு சாவுக்கே ஸ்பீக்கர்ல அதான் போட்டோம். அவரு பேரை அவரே பாடி வெச்சாரா இன்னா? வேற யாரோ பேரு வந்துச்சி. எல்லாரும் அழுதோம்."

என்னிடம் வந்து சேர்ந்ததில் அந்த அண்ணனின் பெயர் மட்டும் இல்லை. இனிக் கிடைக்கும் என்றும் தோன்றவில்லை. ஒருவேளை கிடைத்தாலும், தன் மகனுக்கென்றே கட்டிய பாட்டு என்று நம்பும் தாயிடம், அது பெயரை மட்டும் மாற்றிப் போடும் டெம்ப்ளேட் என்று எந்த வாயால் சொல்வது? சொல்லாமல் விட்டால் வேறொருவன் பெயர் வரும் பாட்டை எப்படிப் போட்டுக் காட்டுவது? இரண்டு நாள் யோசித்துவிட்டு, மனைவியையும் துணைக்கு அழைத்துக்கொண்டு கல்மண்டபம் போனேன்.

கடைக்குப் பின்னாலேயே வீடு. வெளியே துறைமுகத்துக்குப் போகும் டிரெய்லர்கள் வரிசை கட்டி நின்றன. அந்த அம்மா கட்டிலில் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தார். உடம்பு வற்றி, கண் மட்டும் பெரிதாக இருந்தது. மகள் என்னை அறிமுகப்படுத்தினார்.

"நீதான் எழுதினவனா?"

"ஆமாம்மா. தப்பா வந்துடுச்சி. அது உங்களுக்கு எழுதினது இல்லை, எனக்கு. என் பேரைப் போட வேண்டிய இடம்."

"உன் பேரையா?" அவர் என்னை உற்றுப் பார்த்தார். முகத்தில் முதன்முறையாக ஏதோ இளகியது. "அப்ப என்னை இல்ல."

"இல்லம்மா."

பிறகு தயங்கித் தயங்கிச் சொன்னேன்: மகன் பாட்டு கிடைக்கவில்லை, வேறொருவருடையதுதான் இருக்கிறது, பாட்டு ஏறக்குறைய ஒன்று போலவே...

"ஒரே பாட்டுதான்" என்றார் அவர். "பேரை மட்டும் மாத்துவாரு. அது தெரியாதா? போடு."

போட்டேன். கப்பல் கிளம்பியது. கயிறு கரையில் கிடந்தது. டோலக் நின்றது. பாடகர் யாரோ ஒருவர் பெயரை எடுக்கும் அதே மூச்சில், அந்த அம்மா தன் மகன் பெயரைக் கூப்பிட்டார். பாடகரின் குரலை அது மூடிவிட்டது. கடையில் இட்லித் தட்டு அடுக்கும் சத்தம் நின்றது. வாசல்படியில் நின்ற மகள் திரும்பிக்கொண்டார். அம்மா இன்னொரு தடவை போடச் சொன்னார். இந்தத் தடவை மகளும் சேர்ந்து கூப்பிட்டார். அந்தப் பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை.

கிளம்பும்போது அந்த அம்மா என் பெயரைக் கேட்டார். சொன்னேன். கண்ணை மூடி, டோலக் நிற்கும் இடத்தில் அதை வைத்து, மெல்லிய குரலில் ஒருமுறை இழுத்துப் பார்த்தார்.

"நல்லா உக்காருது" என்றார்.

பஸ்ஸில் திரும்பும்போது மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டு வந்தாள். பல வருடங்களாக இல்லாத வழக்கம்.

இப்போது என் தளத்தைத் திறந்தால் முதலில் அந்தப் பாட்டுதான் வரும். என் கட்டுரைகள் அடியில் இருக்கின்றன. முகவரியைப் புதுப்பிக்கச் சொல்லி வருடா வருடம் கடிதம் வருமாம். நான் புதுப்பிக்காமல் போனால் அந்த இடம் வேறு யாருக்காவது போய்விடும். அவர் முன்னால் யார் குடியிருந்தது என்று கேட்டுவிட்டு வரட்டும்.

சில நாள் கழித்து அந்தப் பெண் ஃபோன் செய்தார். அம்மா சாப்பிடுகிறாராம், வெற்றிலைக்குச் சுண்ணாம்பு பத்தவில்லை என்று சண்டையும் போடுகிறாராம். மனம் நிறைந்துபோனது. அந்த நிறைவோடு ஃபோனை வைத்திருக்கலாம். பாட்டுக்குக் கீழே நான் எழுதியவை இருக்கின்றனவே, பார்த்தீர்களா என்று கேட்டுவிட்டேன்.

"எல்லாத்தையும் படிச்சேன் சார். சாவு வூட்ல உக்காந்துகினு தைரியமா படிக்கலாம். யாருக்கும் சிரிப்பு வராது."