லா சப்பலில் பத்து வருடம் படுத்திருந்த பரோலோ

நான் இராயப்பு. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்தது. இன்றைக்குப் பாரிஸில், ஈழத்தமிழர் கடைகள் நிறைந்த லா சப்பலில், ரூ து ஃபொபூர் சேன்-தெனித் தெருவில், என் பெயரில் ஒரு மதுக்கடை இருக்கிறது. பியரும் விஸ்கியும் இந்தத் தெருவில் எவனும் விற்பான். வைனை வாங்கி, படுக்க வைத்து, காலம் பார்த்து எடுத்துக் கொடுக்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். பெருமைக்குத்தான் சொல்கிறேன், ஏன் மறைக்க வேண்டும்?

முன்பு பத்தொன்பது வருடம் ஓர் இத்தாலியன் ரெஸ்டோறன்ரில் கோப்பை கழுவினேன். ஒரு நத்தார்ப் பண்டிகைக்கு, கிறிஸ்மஸுக்கு, முதலாளி பரோலோ போத்தல் ஒன்று தந்தார். இத்தாலியின் வடக்கில் விளையும் சிவப்பு வைன் அது. எங்கள் சனம் செய்வதைத்தான் நானும் செய்தேன்: வீட்டுக்கு வருகிறவர் கண்ணில் படும்படி, கண்ணாடி அலுமாரியில் நிமிர்த்தி வைத்தேன். கீழே ஹீற்றர், மேலே பல்ப். ஆறு வருடம் கழித்து, மகள் கோயிலில் முதல்நன்மை வாங்கிய அன்று திறந்தால், தக்கை தூளாக உதிர்ந்தது. மனைவி மரியமலர் ஒரு வாய் வைத்துப் பார்த்தாள்.

"புளிச்சுப் போச்சு, அச்சாறு ஊறுகாய்க்கு ஊத்தலாம்."

ஊற்றினாள். அச்சாறு நன்றாகத்தான் இருந்தது.

மறுநாளே முதலாளியிடம் கேட்டேன். நிலவறைக்குள் கூட்டிப் போய்க் காட்டினார். போத்தல் படுத்திருக்க வேண்டும், தக்கை நனைந்திருக்க வேண்டும். வெளிச்சம், சூடு, அதிர்வு மூன்றும் ஆகாது. வாங்கும்போது வைன், பச்சைப் பாக்கைச் சப்பியதுபோல நாக்கை இழுக்க வேண்டும். இளசில் துவர்க்காத வைனை வைத்திருந்து பயனில்லை. துவர்ப்பு என்றால் என்னவென்று எனக்கு எவரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

2014இல், கடை திறந்த வருடமே, 2010ஆம் ஆண்டுப் பரோலோ அறுபது போத்தல் வாங்கிக் கடையின் நிலவறையில் படுக்க வைத்தேன். குளிர்பெட்டி மோட்டார் அதிரும் என்று அதை மேலே ஏற்றினேன். பக்கத்துப் பலசரக்குக் கடைப் பொன்னம்பலம் வந்து எட்டிப் பார்த்தார்.

"என்ன அண்ணை, பிரேதம் மாதிரி அடுக்கி வைச்சிருக்கிறியள்? எழும்புமோ?"

"ஓம். மூண்டாம் நாள் இல்லை, பத்தாம் வருசம் எழும்பும்."

அந்தக் கதை தெருவெல்லாம் பரவியது. பத்து வருடம் எனக்குப் 'பிரேத அறை இராயப்பு' என்றே பெயர்.

போன நவம்பரில் மர்கரீத் என்ற பிரெஞ்சுக்காரி வந்தார். பெயர் பெற்ற ஒரு ரெஸ்டோறன்ருக்கு வைன் தெரிவு செய்து வாங்குபவர். பொன்னம்பலத்திடம் ஏலக்காய் வாங்க வந்தவர், என் கடைக் கண்ணாடியில் எழுதியிருந்ததைப் பார்த்து நின்றுவிட்டார்.

"இந்தத் தெருவில் 2010 பரோலோவா? சூட்டில் வெந்திருக்கும்" என்று பிரெஞ்சில் சொல்லிச் சிரித்தார். "நன்றாக இருந்தால் எங்கள் வைன் பட்டியல் அட்டையில் உங்கள் பெயரோடு போடுகிறேன்."

எனக்கு வேண்டியது அதுதான். விற்பது பெரிய காரியமில்லை. கோப்பை கழுவியவனுக்கு வைன் தெரியும் என்று ஒரு பிரெஞ்சு ரெஸ்டோறன்ரின் அட்டை சொல்ல வேண்டும்.

மர்கரீத் நிலவறைக்கு இறங்கி, அடி வரிசையிலிருந்து தானே ஒரு போத்தலை உருவி எடுத்தார். காலை பத்தரை மணி. திறந்தேன். மணந்தார், ஒரு வாய் குடித்தார், முகம் சுருங்கியது.

"வாசனையே இல்லை. வாய் காய்கிறது."

"வேலைக்குப் போகும்போது, மாலை ஆறு மணிக்கு வாருங்கள். இப்போதுதான் கண் விழிக்கிறது" என்றேன்.

நம்பாத முகத்தோடு போனார். வாசலில் நின்ற பொன்னம்பலம் விடுவாரா?

"எழும்பேல்லைப் போல, அண்ணை."

"நீர் போய் உம்மடை கருவாட்டைப் பாரும்."

வாய் அப்படிச் சொன்னாலும் போத்தலைத் திரும்பவும் மணந்து பார்த்தேன். மரியமலரைக் கூப்பிட்டு, போத்தல் கழுத்துக்குப் பின்னால் கைபேசி வெளிச்சத்தைப் பிடிக்கச் சொன்னேன். மண்டி கலக்காமல், நூல் போல, காற்றுப் படட்டும் என்று வாயகன்ற கண்ணாடிக் குடுவைக்குள் ஊற்றினேன். மூன்று மணிக்கு மணந்தேன்: ஒன்றுமில்லை. நாலரைக்கும் ஒன்றுமில்லை.

"வேறை ஒண்டைத் திறவுங்கோவன், ஆருக்குத் தெரியப்போகுது?" என்றாள் மரியமலர்.

"எனக்குத் தெரியும். அவ எடுத்ததைத்தான் அவ குடிக்க வேணும்."

ஐந்தரைக்கு மரியமலர் குடுவையில் மூக்கை வைத்தவள் அப்படியே நின்றாள்.

"இஞ்சை வாங்கோ. திருநாள் முடிஞ்ச அடுத்த நாள் கோயிலுக்குள்ளை அடிக்கிற மணம்!"

ஓடிப்போய் மணந்தேன். காய்ந்த றோசாப்பூ. அதற்கடியில் புதுத் தார் ஊற்றிய றோட்டு. முதிர்ந்த பரோலோவின் மணம் அதுதான். என் பரோலோ எழும்பிவிட்டது.

ஆறு மணிக்கு மர்கரீத் வந்தார். அவசரம் என்று கோட்டைக்கூடக் கழற்றவில்லை. ஒரு வாய் குடித்தார். பிறகு கோட்டைக் கழற்றி, பியர்ப் பெட்டியின் மேல் உட்கார்ந்தார்.

"இதெல்லாம் எங்கே படித்தீர்கள்?"

"கோப்பை கழுவிய இடத்தில், மதாம்."

இருப்பதெல்லாம் வேண்டும் என்றார். முப்பத்தாறு கொடுத்தேன். மிச்சத்துக்கு இன்னும் பத்து வருடம் பலம் இருக்கிறது. அதையும் இப்போதே கொடுத்தால் நான் என்ன வியாபாரி? பொன்னம்பலத்துக்கும் ஒரு கிளாஸ் நீட்டினேன். வாங்கிக் குடித்து, வெறும் கிளாஸைத் திரும்ப நீட்டினார்.

"அண்ணை, இன்னும் கொஞ்சம் விடுங்கோ."

மறு மாதம் அட்டை வந்தது. இத்தாலி என்ற தலைப்பின் கீழ் முதல் வரி: பரோலோ 2010, லா சப்பல், இராயப்பு நிலவறை. மரியமலரைக் கூட்டிக்கொண்டு அங்கே சாப்பிடப் போனேன். பரிமாற வந்தவன் அந்த வைனை எப்படி வைத்துப் பாதுகாத்தார்கள் என்று எனக்கு விளக்கம் சொல்லத் தொடங்கினான். முழுவதையும் சொல்லி முடிக்கட்டும் என்று விட்டேன். பிறகுதான் நான் யாரென்று சொன்னேன்.