வேனுக்குள் ஓர் ஓட்டெடுப்பு

பிரிக்பீல்ட்ஸில் நான் குடியிருக்கும் அடுக்குமாடியின் வாட்ஸ்அப் குழுவில் நேற்று ஓட்டெடுப்பு. மாடிப்படிக்கு என்ன சாயம் அடிக்கலாம்? பல் துலக்கிக்கொண்டே ஒன்றை அமுக்கினேன். வாய் கொப்பளிப்பதற்குள் முடிவே வந்துவிட்டது. இத்தனை சுருக்காக முடிவு வந்தால் எனக்குக் கொஞ்சம் பயம். காரணம் இருக்கிறது, கேளுங்கள்.

பள்ளியில் படிவம் ஆறு முடித்த கையோடு தெலுக் பங்லிமா காராங்கில் ஒரு தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்தேன். கிள்ளானிலிருந்து கம்பெனி வேன். உள்ளே பத்துப் பேர், தைல வாசனை, மல்லிகைப்பூ வாசனை, யாரோ ஒரு புண்ணியவானின் துவைக்காத காலுறை. ஓட்டியவர் முனியாண்டி அண்ணன். ஹாரனைக்கூடத் தயங்கித்தான் அடிப்பார்.

எங்கள் தலையாய பிரச்சினை காலைப் பசிக்கான நாசி லெமாக், அதாவது தேங்காய்ப்பால் சோறு. வேன் தாமதமானால் கேண்டீனில் வாழையிலையும் வெள்ளரிக்காயும்தான் மிஞ்சும். கடைசியாக ஏறும் சரோஜா அக்காவுக்காக வேன் ஒரு கம்பத்துக்குள், கிராமத்துச் சந்துக்குள், போய்த் திரும்புவதுதான் காரணம் என்று பேச்சு. படித்தவன் நான் இருக்கும்போது தீர்வு இல்லாமல் போகுமா? ஒரு வெள்ளிக்கிழமை காலை ஓட்டுக்கு விட்டேன். திங்களிலிருந்து வேன் மெயின் ரோட்டுச் சிம்பாங்கில், சந்து பிரியும் முனையிலேயே நிற்கட்டும், சம்மதம் என்றால் கை தூக்குங்கள். எல்லாக் கையும் மேலே. சரோஜா அக்காவின் கையும்தான். எனக்குத் தலைகால் புரியவில்லை.

அன்று மாலை திரும்பும்போது, வேலையை விடப்போவதாக அக்கா மெதுவாக அண்ணனிடம் சொன்னார். அண்ணன் வேனை ஓரங்கட்டி என்ன ஏது என்று விசாரித்தார். அக்காவின் கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் பக்கத்து வீட்டு ஆன்டி ஆறு மணிக்குத்தான் கதவு திறப்பாராம். பிள்ளையை விட்டுவிட்டு நடந்தால், சிம்பாங்கை எட்டுவதற்குள் வேன் போயிருக்கும். அக்கா வீட்டில் வேறு சம்பளமும் இல்லை.

"அப்புறம் எதுக்குமா கை தூக்குன?" என்றார் அண்ணன்.

"எல்லாரும் தூக்குறீங்க. நான் மட்டும் எப்படி லா தூக்காம உட்கார்றது?"

வெட்கம் என்னைப் பிடுங்கித் தின்றது. அண்ணன் இன்ஜினை அணைத்தார். ஒவ்வொருவரும் வாயைத் திறந்து பேசாமல் வண்டி நகராது என்று சொல்லிவிட்டார். வேர்த்துக் கொட்டியது. ஆளுக்கொன்று சொன்னார்கள். கடைசியில் பேக்கிங் பகுதி ராணி, என்னைப் பார்க்காமலே, "தம்பி வீட்டு வாசலுக்கும்தானே வேன் போகுது?" என்றார்.

போகிறதுதான். அம்மா கேட்டுக்கொண்டார் என்று, மூன்று வேகத்தடை தாண்டி எங்கள் தாமான் குடியிருப்புக்குள் வந்து, கேட்டருகில் நின்று என்னை ஏற்றிக்கொண்டு போகிறது. அது எனக்கு ஒருநாளும் தாமதமாகத் தோன்றியதில்லை, பாருங்கள்! எனக்கு இளங்கால், நல்ல குடை. திங்களிலிருந்து பஸ் ஸ்டாப்புக்கு நடந்துபோய் அங்கே வேன் ஏறினேன். வேன் சந்துக்குள் போனது, அக்கா ஏறினார், நாசி லெமாக்கும் கிடைத்தது.

அதற்குப் பிறகு ஏர்கான் விஷயமானாலும் பாட்டு விஷயமானாலும், யாருக்குக் கஷ்டமோ அவர் முதலில் பேச வேண்டும், கையெல்லாம் அப்புறம் என்பது வேனின் சட்டம். ஒரு பாட்டுக்கு இரண்டு நாள் விவாதித்திருக்கிறோம். சிரித்துச் சிரித்து வயிறு வலிக்கும்.

தொழிற்சாலை இடம் மாறியது, வேனும் நின்றுபோனது. இப்போது ஆளுக்கொரு கார். காலை நெரிசலில் பக்கத்துப் பக்கத்தில் நின்று, எல்லாரும் ஒரே திசையில்தான் போகிறோம். கண்ணாடியை ஏற்றிவிட்டிருக்கிறோம்.