கலப்பை இல்லாமல் அளந்த கொட்டகை

மெர்டேக்கா என்ற சுதந்திரம் கிடைத்த ஆண்டு நான் காஜா பெராங்கில் ஒரு முதலாளியிடம் டிராக்டர் ஓட்டினேன். மலாய்க்காரர்களின் வயல்களைக் கூலிக்கு உழுது கொடுப்பது அவர் தொழில். எஸ்டேட்டில் புல் வெட்டிக்கொண்டிருந்த எனக்கு அந்த இருக்கை பெரிய இடம். அதில் ஏறிவிட்டால் யாரோடும் பேச வேண்டியதில்லை. அதுவும் எனக்குப் பிடித்திருந்தது.

வண்டி ரம்புத்தான் மரத்தடியில் மழையில் நனைந்தது. கொட்டகை போடலாம் என்று முதலாளி சொன்ன அன்றே சிகரெட் பெட்டி அட்டையில் ஒரு படம் போட்டேன். வண்டி பத்தடி, பின்னால் மாட்டும், இரும்புத் தட்டுகள் சுற்றி உழும் சட்டிக் கலப்பை ஐந்தடி, ஆள் சுற்றிவந்து கிரீஸ் அடிக்க மூன்றடி. அட்டையைச் சட்டைப்பையிலேயே வைத்திருந்தேன். கொடுக்கக் கூச்சம்.

ஆயுத பூசையன்று பத்து பெரெண்டாம் என்ற ஊரிலிருந்து முதலாளியின் மச்சான் வந்தார். இங்கிலீஷ் பள்ளியில் படித்தவர். கொட்டகை வேலை அவர் பொறுப்பு. வண்டிக்கு மாலை போட்டிருந்தோம். கலப்பையைக் கழற்றிக் கழுவி, சந்தனம் குங்குமம் வைத்து, சாமி படத்துக்கு முன்னால் கிடத்தியிருந்தோம். மச்சான் அளவுக் கயிற்றின் ஒரு முனையை என்னிடம் நீட்டினார்.

"கலப்பையையும் மாட்டிட்டு அளந்தா நல்லா இருக்குங்கண்ணே," என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

"பூசையில வச்ச சாமான இன்னிக்குத் தொடலாமா? எத்தனாவது படிச்ச நீ?"

"ஆறாவதுங்க."

"அப்ப கயித்த மட்டும் பிடி லா."

சுண்டலுக்குக் காத்திருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டுக் கயிற்றைப் பிடித்தேன்.

தெங்கேராவிலிருந்து வந்த தச்சர், வண்டியை மட்டும் அளந்த கணக்கில், பதிமூன்றடிக்குக் கொட்டகையை எழுப்பினார். கலப்பையோடு வண்டியை ஏற்றினால் கதவு மூடவில்லை. பூட்டாமல் விட முதலாளிக்கு மனமில்லை. அதனால் கலப்பையைத் தினமும் கழற்றி வெளியே போட்டுச் சாக்கால் மூடினேன். காலையில் தனியாளாகத் திரும்ப மாட்டுவதற்குள் முதுகு ஒடிந்தது. அடைமழை மாதம் வந்தது. எவ்வளவு கிரீஸ் அடித்தும் பேரிங்கில் தண்ணீர் இறங்கி, ஒரு நாள் நடுவயலில் சட்டிகள் சுற்றாமல் நின்றுவிட்டன. வயல்காரர் வேறு வண்டியைக் கூப்பிட்டுக்கொண்டார்.

"அளக்கிறப்ப நீதானேய்யா கயித்தப் பிடிச்ச?" முதலாளி கத்தினார். "எடம் பத்தாதுன்னு வாயத் தொறந்து சொல்லக்கூடாதா? வாயில என்ன கொழுக்கட்டையா?"

மச்சான் பக்கத்தில்தான் நின்றார். தகரக் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். 'சொன்னேன்' என்ற ஒரு சொல் போதும். கை சட்டைப்பை வரை போனது. அங்கேயே நின்றுவிட்டது.

மறுவாரம் மச்சான் கொண்டுவந்த ஆள் அந்த இருக்கையில் உட்கார்ந்தான். நான் சாவியைக் கொடுத்துவிட்டு மறுபடி புல் வெட்டப் போனேன்.

சில வாரம் கழித்து அந்த வழியாக வந்தபோது, தச்சர் கொட்டகையின் பின்சுவரைப் பிரித்து ஐந்தடி நீட்டிக்கொண்டிருந்தார். மொத்தம் பதினெட்டு. என் அட்டையில் இருந்த அளவு. மச்சான் கையை நீட்டி நீட்டி வேலை சொல்லிக்கொண்டிருந்தார்.

அட்டையைக் கிழித்துச் சாக்கடையில் போட்டேன். அதையும் யாரும் பார்க்காத இடமாகத் தேடிப் போய்த்தான் செய்தேன்.