பசையின் வெளிச்சம்

போன வியாழக்கிழமை ஒரு பிஎச்.டி. வாய்மொழித் தேர்வுக்குப் போயிருந்தேன். எனக்கும் இயற்பியலுக்கும் பத்தாம் வகுப்போடு உறவு முறிந்துவிட்டது. போனது கல்யாணிக்காக.

கல்யாணி, மல்காஜ்கிரியில் எங்கள் எதிர்வீடு. சொந்த ஊர் அம்பாசமுத்திரம். கணவர் முருகேசனுக்கு லாலாகுடா ரயில்வே பட்டறையில் வேலை. மகள் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்ததும் ஆராய்ச்சியில் சேர்ந்தாள். ஊரே ஐ.டி. கம்பெனிகள் இருக்கும் மாதாப்பூர் பக்கம் ஓடுகிறது, நீயும் சாஃப்ட்வேர் படியேன் என்று சொல்லாதவர்கள் இல்லை. நானும்தான் சொன்னேன்.

அவள் எடுத்துக்கொண்டது ஃபுல்லரீன். அறுபது கார்பன் அணுக்கள் கால்பந்து வடிவில் கோத்துக்கொண்ட மூலக்கூறு. லேசரைப் பாய்ச்சினால் பதிலுக்கு அதுவும் மங்கலாக ஒரு செவ்வொளியை விடுமாம். சாதாரணமாக அந்த ஒளி கலங்கலாக இருக்கும். திரவ ஹீலியத்தால் குளிரவைத்தால் கோடு கோடாகப் பிரியும்.

மூன்றாம் வருடம், வரைபடத்தில் அந்தக் கோடுகளுக்கு நடுவே ஒரு மேடு தெரிந்தது. அதுவரை யாரும் எழுதாத மேடு. அவளுடைய பேராசிரியருக்கு மகிழ்ச்சி. கட்டுரை தயாரானது. இனி சீக்கிரம் முடிந்துவிடும் என்று முருகேசன் சென்னைக்கு மாற்றல் கேட்டு மனுவே கொடுத்துவிட்டார்.

கட்டுரை அனுப்ப நாலு நாள் இருக்கும்போது கொஞ்சம் ஹீலியம் மிஞ்சியது. ஃபுல்லரீன் இல்லாமல், அதைத் தகட்டில் ஒட்டும் பசையை மட்டும் தடவிக் குளிரவைத்துப் பார்த்திருக்கிறாள்.

அதே இடத்தில், அதே மேடு.

அன்று மாலை என் சமையலறையில் வந்து நின்றாள். "அது ஃபுல்லரீனோட வெளிச்சம் இல்லக்கா. நான் ஒட்டுன பசையோட வெளிச்சம்."

யாருக்குத் தெரியப்போகிறது என்று கேட்டேன். ஆமாம், நான்தான் கேட்டேன். எழுதவே வெட்கமாக இருக்கிறது.

"இத நம்பி இன்னொருத்தர் மூணு வருஷத்தத் தொலைப்பாங்களேக்கா" என்றாள்.

மறுநாள் பேராசிரியரிடம் சொன்னாள். அவர் கட்டுரையை நிறுத்தினார். பசையே இல்லாமல், செம்புக் கிளிப்பில் பொருத்தி எல்லாவற்றையும் மறுபடி அளக்கச் சொன்னார். முருகேசன் மனுவைத் திரும்ப வாங்கிக்கொண்டார். எதிர்வீட்டில் மூன்று நாள் பேச்சுச் சத்தமே இல்லை... நாலாம் நாள் காலையில், அவரே அவளை ஸ்கூட்டரில் ஏற்றி ஆய்வகத்துக்குக் கொண்டுபோனதைப் பார்த்தேன்.

இன்னும் இரண்டு வருடம் போனது. கிடைத்ததெல்லாம் மற்றவர்கள் முன்பே கண்ட கோடுகள்தான், கொஞ்சம் துல்லியமாக. அவ்வளவே.

வியாழனன்று, யாரும் கேட்காமலே அந்தப் பசையின் வரைபடத்தைத் திரையில் போட்டாள். நடந்ததைக் குரல் நடுங்காமல் சொன்னாள். தேர்வாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். பட்டத்துக்குப் பரிந்துரைப்பதாக அவர் சொன்னபோதுதான் அவள் அழுதாள்.

கை தட்டி முடித்ததும், வேறு ஆய்வகத்தில் இதேபோல் குளிரவைத்து அளக்கும் ஒருவர் கடைசி வரிசையில் எழுந்தார். அது எந்தப் பசை என்று மெல்லக் கேட்டார். கல்யாணி பெயரைச் சொன்னாள்.

அவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

உண்மை இப்படித்தான்... ஒருவர் சொல்லிவிட்டால், அடுத்தவருக்கும் வேலை வைத்துவிடுகிறது.