ஓடுபாதையில் ஒரு விசில்

கண்டக்டரம்மாவுக்கு அதுதான் முதல் விமானம். ஏறியதும் நேராகப் போய்த் தன் இருக்கையில் உட்கார்ந்திருந்தால் சாதாரணப் பயணியாகியிருப்பார். அவரோ வாசலை ஒட்டி நின்றுகொண்டு, பின்னால் வந்தவர்களை விரட்டத் தொடங்கிவிட்டார்.

"உள்ள போங்க, உள்ள போங்க! நடுவுல காலியாத்தானே இருக்கு! அண்ணே, அந்த மூட்டையை மேல ஏத்துங்க, மத்தவங்க நடக்க வேணாமா?"

கோட்டு போட்டவர்கள்கூட மறுபேச்சில்லாமல் நகர்ந்தார்கள். பணிப்பெண் கண்ணைக் கொட்டிக் கொட்டிப் பார்த்துவிட்டு, "அம்மா, உங்க சீட் எது?" என்றாள்.

"எல்லாரும் ஏறட்டும் பாப்பா. நான் எப்பவும் கடைசிலதான் உட்காருவேன்."

நகரப் பேருந்தில் டிக்கெட் கிழித்தே பழகிய உடம்பு அப்படித்தான். வீட்டில் மகள் குளியலறைக்குள் குடியேறிவிட்டால் கதவைத் தட்டமாட்டார், விசில் ஊதுவார். கணவர் குழம்பில் உப்பை அள்ளிக் கொட்டும்போது ஒரு விசில், அப்படியென்றால் நிறுத்து. எல்லாரும் செருப்பு மாட்டிக்கொண்டு வாசலில் நின்றால் இரண்டு விசில், அப்படியென்றால் கிளம்பு. அந்த விசில் சாவிக்கொத்தோடு சேர்ந்து எந்நேரமும் கைப்பையில் கிடக்கும்.

வேலையில் அவருக்கு ஒரே ஒரு பிடிவாதம். யாராவது இறங்கணும் என்று சொல்லிவிட்டால் வண்டி நின்றாக வேண்டும். நிறுத்தம் இருக்கிறதா இல்லையா என்பதெல்லாம் அப்புறம். "இது என்ன உங்க வீட்டு வண்டியா?" என்று டிரைவர் எகிறுவார். "இறங்கணும்கிறவங்களை அடைச்சு வச்சா அதுக்குப் பேரு வண்டி இல்லப்பா, கூண்டு" என்பார் இவர். இதற்காக மேலதிகாரியிடம் வாங்கிய திட்டுகளைச் சேர்த்து வைத்திருந்தால் தனியாக ஒரு பேருந்து வேண்டியிருக்கும்.

சரி, இவர் ஏன் விமானம் ஏறினார்? தம்பிக்காகத்தான். அவன் சரக்குக் கப்பலில் சமையல்காரன். கப்பல் கரைக்கு வந்தால் இவருக்கு லீவு கிடைக்காது, இவருக்குக் கிடைத்தால் கப்பல் எங்கோ நடுக்கடலில் மிதக்கும். இந்த முறை இரண்டும் பொருந்தி வந்தது. கப்பல் ஒரே ஒரு நாள் தூரத்து ஊர்த் துறைமுகத்தில் நிற்கும். பொழுது சாய்வதற்குள் அவன் திரும்ப ஏறிவிட வேண்டும். விட்டால் மறுபடி எந்த வருஷமோ!

அதனால்தான் விமானம் ஓடுபாதைக்குப் பக்கத்தில் போய்ப் படுத்துக்கொண்டபோது அவர் கைக்கடிகாரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மழை வெளுத்து வாங்கியது. முன்னால் நீளமாக விமான வரிசை.

"ஆகாயத்துக்குப் போற வழியிலயுமா டிராபிக் ஜாம்!" என்றார்.

பக்கத்து இருக்கையில் ஒரு சோடாபுட்டிக் கண்ணாடிக்காரர். நேரம் போகப் போக அவருக்கு வீரம் ஏறியது. கைப்பேசியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பயணிகள் உரிமைகளைச் சத்தமாக வாசித்தார். "இவ்வளவு நேரம் உட்கார வச்சா தண்ணி தரணும்! தின்ன ஏதாவது தரணும்! கழிவறையைப் பூட்டக் கூடாது! அதையும் தாண்டிப் போச்சுன்னா, இறங்குறேன்னு சொல்றவங்களை இறக்கி விட்டே ஆகணும்! சட்டம்!"

சட்டம் என்ற சொல்லைக் கேட்டதும் எல்லாருக்கும் ஒரே நேரத்தில் தாகம் எடுத்தது. பணிப்பெண்கள் தண்ணீரோடு வந்து கூட்டத்தில் திணற, கண்டக்டரம்மாவுக்குக் கை துறுதுறுத்தது. தட்டை வாங்கிக்கொண்டு இடுப்பை இருக்கையில் சாய்த்தபடி நடந்தார். "தண்ணி, தண்ணி! யாரு வாங்கல? கேட்டு வாங்குங்க! சில்லறை இல்லைன்னு எவரும் சொல்ல முடியாது, இது சும்மா!" விமானமே சிரித்தது. பின்வரிசையில் ஒருவர், "அம்மா, பஸ் ஸ்டாண்டு வந்தா சொல்லுங்க!" என்று கத்தினார்.

ஒருவழியாக மழை விட்டது. வரிசை நகர்ந்தது. "அடுத்தது நாமதான்" என்று விமானியின் குரல் வந்ததும் கைதட்டல். கண்டக்டரம்மா மனசுக்குள் கணக்குப் போட்டார். இப்போது கிளம்பினாலும் தம்பியோடு உட்கார்ந்து ஒருவேளை சாப்பிட்டுவிடலாம்.

அப்போதுதான் முன்வரிசையில் ஒரு மலை எழுந்தது. ஜிம் மாஸ்டர். சட்டைக் கை கிழியும் அளவுக்குத் தோள். ஆனால் முகமெல்லாம் வேர்வை, சட்டைக் காலரைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தார்.

"எனக்கு மூச்சு முட்டுது. கதவு மூடினதிலிருந்து அடக்கிப் பாக்குறேன், முடியல. நான் இறங்கணும்."

"சார், ப்ளீஸ், உட்காருங்க" என்றாள் பணிப்பெண். அவளுக்கும் அழுகை வராத குறை. "திரும்பிப் போனா நம்ம வரிசை போயிடும்."

விமானம் கொந்தளித்தது. "இவ்வளவு நேரம் இருந்தவருக்கு இப்பத்தான் வந்துச்சா?" "உடம்பு மட்டும் வளர்ந்தா போதுமாய்யா?" எல்லாரையும்விட உரக்கக் கத்தியது கண்ணாடிக்காரர்தான். "உட்காருய்யா! ஆளாளுக்கு இறங்கணும்னா எப்படி?"

ஜிம் மாஸ்டர் சுற்றிப் பார்த்தார். தப்புச் செய்துவிட்ட சின்னப் பிள்ளை மாதிரி உதடு துடித்தது. "இறங்கணும்" என்றார் மறுபடி, யாருக்கும் கேட்காத குரலில்.

கண்டக்டரம்மாவுக்குக் கேட்டுவிட்டது. கை தானாகப் பைக்குள் போனது. அடுத்த நொடி விமானத்துக்குள் காதைக் கிழித்துக்கொண்டு ஒரு நீண்ட விசில்.

எல்லாச் சத்தமும் அறுந்தது. ஊதிய பிறகுதான் அவருக்கே உறைத்தது. அடிப்பாவி, என்ன காரியம் பண்ணினே! அங்க தம்பி நிக்கிறானே! விசிலைப் பைக்குள் போட்டு, ஒன்றும் தெரியாதவர் மாதிரி ஜன்னலைப் பார்க்கலாமா என்றுகூட ஒரு கணம் நினைத்தார். அதற்குள் ஜிம் மாஸ்டர் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கண்டக்டரம்மா பெருமூச்சு விட்டு எழுந்தார். "ஆள் இறங்கணும் பாப்பா. டிரைவர்கிட்ட சொல்லு." பிறகு கண்ணாடிக்காரர் பக்கம் திரும்பினார். "நீங்கதானே சார் வாசிச்சீங்க? தண்ணி உங்களுக்கு, திட்டு அவருக்கா?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வேறு வழி?

விமானம் திரும்பிப் போனது. கதவு திறந்ததும் ஜிம் மாஸ்டர், "அக்கா..." என்று ஏதோ சொல்ல வந்தார். "படி பார்த்து இறங்குங்க தம்பி, வழுக்கும்" என்று கண்டக்டரம்மா அனுப்பி வைத்தார். அப்புறம் விமானம் மறுபடியும் வரிசையின் வாலில் போய் நின்றது. முணுமுணுத்தவர்களுக்கெல்லாம் அவரே பிஸ்கட் நீட்டினார். முறைத்துக்கொண்டேதான் வாங்கித் தின்றார்கள்.

துறைமுகத்துக்கு அவர் ஓடிச் சேர்ந்தபோது பொழுது சாய்ந்திருந்தது. தம்பி கம்பிக் கதவுக்கு அந்தப் பக்கம் நின்றான். இனி வெளியே விடமாட்டார்களாம். காவலாளி, "சீக்கிரம் பேசிட்டுப் போங்க" என்றார்.

"ஏன்க்கா இவ்வளவு லேட்டு?"

"அதை ஏன்டா கேக்குற!" என்று ஆரம்பித்தவர்தான். வாசலில் நின்று ஆளேற்றியது, தண்ணீர் கொடுத்தது, ஜிம் மாஸ்டர், விசில், கண்ணாடிக்காரரின் முகம். கையை ஆட்டி ஆட்டி, ஒவ்வொருவர் மாதிரியும் பேசிக்காட்டி, ஒன்று விடாமல் சொன்னார். தம்பி கம்பியைப் பிடித்துக்கொண்டு வயிறு வலிக்கச் சிரித்தான். காவலாளி தொப்பியால் முகத்தை மறைத்துச் சிரித்தார். சிரித்து முடித்துக் கைக்கடிகாரத்தைப் பார்த்து, தம்பியின் தோளைத் தட்டினார். அவன் திரும்பித் திரும்பிப் பார்த்துச் சிரித்துக்கொண்டே ஓடினான்.

தெருமுனை வரை வந்த பிறகுதான் கண்டக்டரம்மாவுக்குப் பொட்டில் அடித்த மாதிரி உறைத்தது. உடனே போன் போட்டார்.

"டேய், நீ எப்படி இருக்கேன்னு நான் கேக்கவே இல்லையேடா! இருந்த நேரத்தையெல்லாம் நானே பேசித் தின்னுட்டேனே!"

"அழாதக்கா."

"நான் எங்கடா அழறேன்? நீதான் மூக்கை உறிஞ்சுற."

"வெங்காயம் நறுக்கறேன்."

"இப்பத்தானேடா கப்பல்ல ஏறின?"

"ஆமா," என்றான் அவன். "கொஞ்சம் சீக்கிரமாவே நறுக்கறேன்."